ஸ்கோர் எழுதுகிறவனின் கடிதம்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இரண்டு தேர்வுகளுக்கு நடுவே வந்து சேர்ந்ததால், படிக்க வேண்டிய பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு அதைத்தான் முதலில் படித்தேன். தேர்வு எப்படிப் போனது என்று நீ கேட்கமாட்டாய் என்ற நம்பிக்கையில் மேலே எழுதுகிறேன். 800 மீட்டர் ஓட்டத்தை விட்டுவிட்டு தடைகளையும் தண்ணீர்ப் பள்ளத்தையும் தாண்டி ஓடும் 3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸுக்கு மாறப்போவதாகச் சொல்லியிருக்கிறாய். அதைக் கேள்விப்பட்ட பெரியவர்கள் சொன்னவற்றையும் ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறாய். கால் தசை திரண்டுபோய்விடும் என்கிறார் ஒருவர். தடையில் இடறி விழுந்து பல் உடைந்தால் பிற்காலத்தில் என்ன ஆவது என்கிறார் இன்னொருவர். இவர்களே, ஒரு பையன் பல்லை உடைத்துக்கொண்டு வந்து நின்றால், ‘விளையாட்டென்றால் அப்படித்தான்’ என்று முதுகில் தட்டிக்கொடுத்திருப்பார்கள் என்று நீ எழுதியிருந்ததைப் படித்து வெகுநேரம் சிரித்தேன். பெண்ணின் பல்லுக்குப் பிற்காலம் உண்டென்றால் பையனின் பல்லுக்கு மட்டும் ஏன் இல்லை என்பது எனக்கும் விளங்கவில்லை.

என் பக்கத்துச் செய்தி இதற்கு நேர்மாறானது. விளையாடாதே என்று உன்னிடம் சொல்கிற அதே உலகம், ஏன் விளையாடவில்லை என்று என்னைக் குடைகிறது. பந்து என் பக்கம் வந்தால் மரியாதையாக ஒதுங்கி வழிவிடுகிறவன் நான் என்பது பள்ளி நாளிலிருந்தே உனக்குத் தெரியும். விடுதியில் சேர்ந்த புதிதில், ‘நீ பேட்ஸ்மேனா, பௌலரா?’ என்று கேட்டார்களே தவிர, இரண்டிலும் சேராத ஒருவன் இருக்கக்கூடும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வழியில் பார்க்கிறவர், முன்பின் அறியாதவர்கூட, ‘தம்பி, ஸ்கோர் என்ன?’ என்று என்னிடம் கேட்கிறார். என் அருகில் நிற்கும் வகுப்புத் தோழியிடம் கேட்பதில்லை. அவள் எங்கள் கல்லூரிப் பெண்கள் அணியின் விக்கெட் கீப்பர். நான் அவளிடம் கேட்டு அவருக்குச் சொல்ல, அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்து, ஆட்டத்தின் போக்கைப் பற்றி மேலும் இரண்டு வார்த்தை என்னிடமே பேசிவிட்டுப் போவார். இந்த நாடகம் எங்கள் இருவருக்கும் இப்போது நன்றாகப் பழகிவிட்டது.

அந்த விக்கெட் கீப்பர்தான் என்னைப் பெண்கள் அணிக்கு ஸ்கோர் எழுத இழுத்துக்கொண்டு போனவள். விளையாட வராது, ஆனால் கூட்டல் வரும் என்பதே என் தகுதி. நீ சிரித்தாலும் பரவாயில்லை. கல்லூரியில் எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். ஓட்டம் எடுக்காத பந்துக்கு ஒரு புள்ளி, வைடுக்குக் கூட்டல் குறி, நோ-பாலுக்கு வட்டம், மட்டையிலும் உடலிலும் படாத பந்தில் ஓடி எடுக்கும் ‘பை’க்கு முக்கோணம், உடலில் பட்ட பந்தில் ஓடி எடுக்கும் ‘லெக்-பை’க்குத் தலைகீழ் முக்கோணம் என்று பென்சிலால் குறித்துக்கொண்டே போக வேண்டும். ஓர் ஓவரின் ஆறு பந்துகளும் புள்ளிகளாகவே நின்றால் அவற்றைக் கோட்டால் இணைத்து ‘எம்’ வடிவமாக்குவோம். இடையில் விக்கெட்டும் விழுந்திருந்தால் அது ‘டபிள்யூ’ ஆகிவிடும். நடுவர் நான்கு ஓட்டத்துக்குக் கையை வீசினால், ஸ்கோர் எழுதுகிறவர் பதிலுக்குக் கையை உயர்த்தும்வரை அவர் ஆட்டத்தைத் தொடரவிடக் கூடாது. மைதானத்தில் இருக்கும் அத்தனை பேரும் என் கைக்காகக் காத்திருக்கும் அந்த ஒரு நொடிக்காகவே நான் போகிறேன் என்று சொன்னால்கூடத் தவறில்லை. இன்னிங்ஸ் முடிந்ததும் கணக்கை நேர்பார்க்க வேண்டும்: மட்டை பிடித்தவர்கள் எடுத்ததையும் வைடு, நோ-பால், பை, லெக்-பை என்ற உதிரிகளையும் கூட்டினால் வரும் தொகையும், பந்து வீசியவர்கள் கொடுத்ததையும் பை, லெக்-பை ஓட்டங்களையும் கூட்டினால் வரும் தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். ஓர் ஓட்டம் இடித்தாலும் எதிரணியின் ஸ்கோரரும் நானும் தலையோடு தலை முட்டிக்கொண்டு முதல் ஓவரிலிருந்து தேடுவோம்.

இதில் விடுதிக்குப் புரியாதது ஒன்றே ஒன்றுதான். பெண்கள் ஆடும் ஆட்டத்துக்கு ஓர் ஆண் தானாகப் போய் உட்காருவான் என்பதை அவர்களால் நம்ப முடியவில்லை. ‘யாருக்காகப் போகிறாய்?’ என்று கண்ணைச் சிமிட்டிக்கொண்டு கேட்கிறார்கள். லெக்-பைக்காக என்றால் ஏற்க மறுக்கிறார்கள். ஆண்கள் ஆட்டத்துக்கு விடிய விடியக் கண்விழிக்கும் இவர்களை, நீங்கள் பதினொரு பேரில் யாருக்காக விழித்திருக்கிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை.

போன மாதம் எங்கள் அறையில் ஒரு வழக்கு நடந்தது. ஒருநாள் சர்வதேச ஆட்டத்தில் முதலில் இரட்டைச் சதம் அடித்தவர் யார் என்பது கேள்வி. 2010-இல் குவாலியரில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 200 எடுத்த சச்சின் என்று அறையே ஒரே குரலில் சொன்னது. 1997 டிசம்பரில் மும்பையில் டென்மார்க்குக்கு எதிராக ஆஸ்திரேலியத் தலைவி பெலிண்டா கிளார்க் ஆட்டமிழக்காமல் 229 எடுத்தார் என்று நான் சொன்னதும், ‘அது வேறு கணக்கு’ என்றார்கள். முதல் உலகக் கோப்பை என்றைக்கு என்று கேட்டேன், 1975 என்றார்கள். பெண்கள் 1973-லேயே நடத்தி முடித்துவிட்டார்கள் என்றதற்கும் அதே பதில்தான். எனக்குத் தெரிந்து இரண்டும் ஒருநாள் ஆட்டம்தான். ஓட்டத்துக்கு ஓட்டம், ஓவருக்கு ஓவர் என்றுதான் ஏட்டில் ஏறுகிறது. வேறு கணக்கு என்றால் அதை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று எனக்கு யாராவது காட்ட வேண்டும்.

ஸ்கோர் எழுதப் பழகியபின், எதைப் படித்தாலும் தொகை நேர்படுகிறதா என்று பார்க்கும் புத்தி வந்துவிட்டது. உன் பழைய 800 மீட்டரின் வரலாற்றைப் படித்தபோது அந்தப் புத்திதான் முதலில் கொதித்தது. 1928-இல் ஆம்ஸ்டர்டாமில்தான் ஒலிம்பிக் தடகளத்தில் பெண்களை முதன்முதலாகச் சேர்த்தார்கள். அங்கே நடந்த 800 மீட்டர் இறுதிப் போட்டியில் ஒன்பது பேர் ஓடினார்கள். ஒன்பது பேரும் ஓடி முடித்தார்கள். ஜெர்மனியின் லினா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் உலக சாதனையோடு வென்றார். ஜப்பானின் ஹிதோமி கினுயே இரண்டாவதாக வந்தார். ஆனால் சில பத்திரிகைகளில் அது பரிதாபக் காட்சியாக வெளிவந்தது. பாதியில் நின்றவர்களின் எண்ணிக்கைகூடக் கொடுத்திருந்தார்கள். தொடங்கியவர் ஒன்பது, முடித்தவர் ஒன்பது, பாதியில் நின்றவர் சிலர் என்று நான் ஏட்டில் எழுதினால் அன்றைக்கே என்னை வேலையைவிட்டு அனுப்பிவிடுவார்கள். அவர்களையோ உலகம் நம்பியது. பெண்களுக்கான 800 மீட்டர் திரும்பவும் ஒலிம்பிக்கில் வந்தது 1960-இல், ரோமில். ஓடி முடித்ததும் சிலர் புல்லில் படுத்துவிட்டார்கள் என்பது உண்மைதான். 800 மீட்டரை முழுமூச்சாக ஓடிவிட்டுப் புல்லில் விழாத ஆண் ஒருவனை நீ பார்த்திருந்தால் எனக்கு எழுது.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. 1992-இல் பார்சிலோனா ஒலிம்பிக்கில், பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் ஸ்கீட் துப்பாக்கிச் சுடுதலில் ஆணும் பெண்ணும் ஒரே போட்டியில் நின்றார்கள். சீனாவின் ஜாங் ஷான் 225-க்கு 223 அடித்துத் தங்கம் வென்றார். அடுத்த ஒலிம்பிக்கில் ஸ்கீட் ஆண்களுக்கு மட்டுமே இருந்தது. தன் தங்கத்தைக் காத்துக்கொள்ளக்கூட அவருக்கு வரிசை இல்லை. 2000-இல்தான் பெண்களுக்கெனத் தனி ஸ்கீட் வந்தது. இங்கிலாந்தில் 1920-இல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் லிவர்பூலின் குடிசன் பார்க்கில் பெண்கள் கால்பந்தைப் பார்க்க 53,000 பேர் கூடினார்கள். ஓராண்டுக்குள், பெண்களுக்கு இது ஒவ்வாத ஆட்டம் என்று கால்பந்துச் சங்கம் தன் மைதானங்களின் கதவை அவர்களுக்குச் சாத்தியது. சரியாக ஆடாததால் தடுத்தார்கள் என்றால் ஒருவாறு புரிந்துகொள்ளலாம். கூட்டம் வந்த பிறகு தடுப்பதற்கு நம் பெரியவர்களின் பல் தர்க்கத்தைவிடப் பெரிய தர்க்கம் ஏதாவது வேண்டும்.

உடனே என்னைப் போராளி என்று நினைத்துவிடாதே. ஆண்கள் எறியும் குண்டு 7.26 கிலோ, பெண்களுடையது 4 கிலோ என்பதில் எனக்கு எந்த வழக்கும் இல்லை. நீ தாண்டப்போகும் தடை 76.2 சென்டிமீட்டர், ஆண்களுடையது 91.4 என்பதிலும் இல்லை. அளந்து வைத்த வேறுபாடு அது. ஆளைப் பார்க்காமலேயே அளவைச் சொல்கிறவர்களிடம்தான் எனக்குச் சண்டை. அந்தச் சண்டையில் என் சொந்தச் சுயநலமும் உண்டு. விடுதியில் கட்டிலை மாடிக்கு ஏற்ற வேண்டும் என்றால் ‘ஆம்பிளைப் பசங்க நாலு பேர் வாங்க’ என்று குரல் வரும். என் கையின் சுற்றளவை ஒருமுறை கண்ணால் பார்த்தால்கூட அந்தக் குரல் எழாது. எங்கள் அணியின் வேகப்பந்து வீச்சாளரால் அந்தக் கட்டிலின் ஒரு முனையைத் தனியாகத் தூக்க முடியும். அவளிடம் தண்ணீர் பாட்டிலைக்கூடக் கொடுக்காமல் ‘நீ தள்ளி நில்லும்மா’ என்கிறார்கள்.

விளையாட்டு ஆணுக்குத் தரும் ஒரே சலுகை அழுகை என்று நினைக்கிறேன். தேர்வில் தோற்றவன் அழுதால் விடுதியில் அவனுக்குப் பெயர் வைத்துவிடுவார்கள். இறுதி ஓவரில் அணி தோற்றால் அதே விடுதி சுவரில் சாய்ந்து தேம்பும், கட்டிப்பிடித்துக்கொள்ளும், யாரும் யாரையும் கேலி செய்வதில்லை. 2022-இல் லண்டனில் டென்னிஸ் வீரர் ஃபெடரர் விடைபெற்ற இரவில், வாழ்நாள் எதிராளியான நடால் அவருக்குப் பக்கத்தில் அமர்ந்து அழுத படத்தை எங்கள் அறையின் முரட்டு மாணவன் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறான். ஆனால் தாள லயத்தோடு நாடாவையும் வளையத்தையும் சுழற்றும் ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸில் ஆண்களுக்கு ஒலிம்பிக்கில் இன்றுவரை இடமில்லை என்று சொன்னால், ‘நல்லவேளை’ என்கிறான். கலை நீச்சலில் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்களைச் சேர்க்கலாம் என்று விதி வந்தும் ஓர் ஆண்கூட அங்கே குளத்தில் இறங்கவில்லை. உனக்குத் தடுப்பு வெளியே நிற்கிறது. எங்களுக்கு அது பாதி உள்ளேயே நிற்கிறது. எது உயரம் என்று நீதான் சொல்ல வேண்டும்.

நீ கேட்டிருந்த உடை விவகாரம்: விளையாட்டுக் காற்சட்டையில் பை இல்லாததால் அறைச் சாவியைக் காலுறைக்குள் வைத்து ஓடுவதாக எழுதியிருந்தாய். என் காற்சட்டையில் நான்கு பைகள் இருக்கின்றன. ஓடாதவனுக்கு நான்கு, ஓடுகிறவளுக்கு ஒன்றுமில்லை. 2021-இல் நார்வேயின் கடற்கரை ஹேண்ட்பால் பெண்கள், விதித்த பிகினிக்குப் பதிலாக அரைக்கால் சட்டை அணிந்து ஆடியதற்காக 1,500 யூரோ அபராதம் கட்ட நேர்ந்தது. எழுந்த கூச்சலில் அந்த ஆண்டே விதியை மாற்றினார்கள். உன் சாவிக்கும் யாராவது கூச்சல் போட்டால் நல்லது.

இனி நீ கேட்ட முக்கியமான கேள்வி: 800 மீட்டரில் ஓரளவு பெயர் எடுத்தபின் ஸ்டீபிள்சேஸுக்குப் போவது அசட்டுத்தனமா? பெண்களுக்கு அதை ஒலிம்பிக்கில் சேர்த்ததே 2008-இல்தான். உயரம் குறைவே தவிர எண்ணிக்கை ஆண்களுக்கு இருப்பதுதான்: 28 தடைகள், 7 தண்ணீர்த் தாண்டல்கள். உனக்குக் கடைசிச் சுற்றில் வேகம் போதவில்லை, ஆனால் மூச்சு மிச்சமிருக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். அப்படியானால் தூரம் கூடுவது உனக்கு லாபம்தானே? தயங்காமல் போ. தண்ணீரில் இறங்கும்போது ஷூ நனைந்து கனக்குமே, அதை எப்படிச் சமாளிக்கிறாய் என்பதை மட்டும் விரிவாக எழுது. எங்கள் அறையில் யாருக்கும் தெரியவில்லை, எல்லோரும் தெரிந்ததுபோலப் பேசுகிறார்கள்.

அடுத்த மாதம் கல்லூரிகளுக்கிடையிலான தடகளப் போட்டி எங்கள் மைதானத்தில் நடக்கிறது. உன் போட்டியும் பட்டியலில் இருக்கிறது. சுற்று எண்ணும் வேலைக்கு என் பெயரைக் கொடுத்திருந்தேன். அதை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, ஆண் மாணவன் என்பதால் என்னைத் தடை தூக்கும் குழுவில் போட்டிருக்கிறார்கள். கால் வைத்து ஏறினாலும் சாயக்கூடாது என்பதற்காக அந்தத் தடை ஒவ்வொன்றையும் 80 முதல் 100 கிலோ எடையில் செய்கிறார்கள் என்பது அதன்பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. எங்கள் வேகப்பந்து வீச்சாளரைச் சேர்த்துக்கொள்ளும்படி மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. ஆகவே அன்றைக்கு மைதானத்தில் என்னைப் பார்த்தால் கையசைக்காதே. பதிலுக்கு அசைக்க என் கை காலியாக இருக்காது.

அன்புடன்,
உன் பள்ளித் தோழன்