தாத்தாவைப் பற்றி

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். கனடாவில் குளிர் ஆரம்பித்திருக்கும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்.

அடக்க ஆராதனையை நீ போனில் பார்த்தாய். சபை ஐயர் தன் பிரசங்கத்தில் பெரும்பகுதி தாத்தாவின் பட்டாளத்தைப் பற்றியே பேசினார். பெட்டிக்குப் பக்கத்தில் மெடல்களை வைத்தார்கள். எல்லாம் சரிதான். ஆனாலும் 88 வயது வரை வாழ்ந்த மனுஷனை அந்தப் பதினேழு வருஷத்துக்குள் அடக்கிவிட்டார்களே என்று எனக்கு ஆறவில்லை.

அவர் 1956-ல் சேர்ந்தார், அப்போது 19 வயது. தாத்தாவின் அப்பா பனையேறி. பதநீர் இறங்கும் மாதங்களில் விடிலிக் குடிசையில் கருப்பட்டி காய்ச்சுவார்கள். மற்ற மாதங்களில் கடன். அந்தக் கடனை அடைக்கத்தான் இவர் வெலிங்டனுக்கு ரயிலேறி மதராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்தார். மாதாமாதம் மணியார்டர் வரும். கடன் தீர்ந்த பிறகு வந்த பணத்தில்தான் நம் கிணற்றுத் தோட்டம் வாங்கினார்கள்.

1965 சண்டையில் சியால்கோட் பக்கம் மகராஜ்கே என்ற ஊரைப் பிடித்த நாலாவது பட்டாலியனில் தாத்தா இருந்தார். ரெஜிமெண்டுக்கே பெருமையான பெயர் அது. அதைப் பற்றி நாங்கள் எத்தனை தடவை கேட்டாலும் ஒன்றுதான் சொல்வார்: “ஆள் உயரத்துக்குக் கரும்பு நின்னுது. டாங்கி ஏறி எல்லாம் நசுங்கிப் போச்சு. எவனோ கடன் வாங்கி நட்டிருப்பான்.” அதற்கு மேல் பேச மாட்டார், மம்பட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். எதிரி என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.

1973-ல் ஊருக்கு வந்தார். முதலில் மாடு கட்டி இறைக்கும் கமலை, அப்புறம் பம்புசெட். ஏத்தன் வாழையும் முருங்கையும் போட்டார். கன்று நடக் கயிறு பிடித்துத்தான் குழி எடுப்பார். ஒரு குழி விலகினாலும் மூடிவிட்டு மறுபடி தோண்டச் சொல்வார். கூலிக்கு வந்தவர்களுக்குப் பொழுது சாய்வதற்குள் காசு கொடுத்துவிடுவார். கையில் இல்லாத நாளில் பாட்டியின் பிடி அரிசிப் பானைக்குப் பக்கத்தில் இருக்கும் சேமிப்பு டப்பாவைத் திறப்பார். பாட்டி ஒன்றும் சொல்ல மாட்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் உனக்கு ஞாபகம் இருக்கும். உங்கள் எல்லாருடைய ஷூவையும் திண்ணையில் வரிசையாக வைத்து, இரண்டு விரலில் துணியைச் சுற்றி, பாலிஷைத் தொட்டுத்தொட்டு வட்டம் வட்டமாகத் தேய்ப்பார். அதன்மேல் ஊதி மறுபடி தேய்ப்பார். மறுநாள் கோயிலில் இரண்டாம் மணி அடிக்கும் முன்னே நாம் எல்லாரும் பெஞ்சில் இருக்க வேண்டும். பாமாலையில் பாதிப் பாட்டு அவருக்கு மனப்பாடம், ராகம்தான் பிடிபடாது. அப்படியும் சத்தமாகத்தான் பாடுவார்.

ஸ்தோத்திரப் பண்டிகைக்குத் தோட்டத்திலேயே நல்ல வாழைத் தாரை வெட்டிக் கோயிலில் படைப்பார். பிறகு ஏலத்தில் அதையே விலை ஏற்றிக் கேட்டு எடுத்து, அங்கேயே சீப்புச் சீப்பாகப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுப்பார். சொந்தத் தாருக்கு ஏன் இத்தனை காசு என்று உன் மாமா ஒரு வருஷம் சடைத்துக்கொண்டான். “படைச்ச பிறகு அது நம்ம தாரா?” என்று தாத்தா கேட்டார்.

2023 டிசம்பர் வெள்ளம் உனக்குத் தெரியும், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்ததே, அதில் நம் வாழை முழுக்கச் சாய்ந்தது. குலை தள்ளிய நேரம். மாமா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். தாத்தா தடி ஊன்றி வரப்பு வரைக்கும் வந்து பார்த்துவிட்டு, “தண்ணி வடியட்டும், கன்னுக்குச் சொல்லி வை” என்றார். அப்போது வயது 86. எனக்கு அவருடைய வீரம் என்றால் மகராஜ்கேயைவிட அந்தக் காலைதான் முன்னால் வருகிறது. இதை உன் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே சொல்.

மெடல்களை நீ கேட்டாய். மாமாவும் சம்மதித்துவிட்டான், யாராவது வரும்போது கொடுத்தனுப்புகிறேன். தோட்டத்தில் இப்போது நிற்பது தாத்தா கடைசியாக நடச் சொன்ன ஏத்தன். வரும் பண்டிகைக்கு முதல் தார் கோயிலுக்குப் போகும். ஏலத்தன்று மாமா உனக்குப் போன் போடுவான். எவ்வளவு வரைக்கும் கேட்கலாம் என்று முன்னாடியே அவனிடம் சொல்லி வை.

அம்மா