கழற்றிய பல்பை எங்கே போடுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின் கட்டணம் ஏறும்போதெல்லாம் ‘எல்இடிக்கு மாறுங்கள்’ என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். நல்ல யோசனைதான். 60 வாட் குண்டு பல்பு தினமும் 5 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதக் கணக்கில் 18 யூனிட் ஆகும். ஏறக்குறைய அதே வெளிச்சத்தை 9 வாட் எல்இடி 3 யூனிட்டுக்குள் கொடுத்துவிடும். 500 யூனிட்டை ஒட்டி இழுபறியில் நிற்கும் வீடுகளுக்கு இந்த 15 யூனிட் பெரிய விஷயம். 501 ஆகிவிட்டால் கூடுதலான அந்த ஒரு யூனிட்டுக்கு மட்டுமா காசு? 101 முதல் 200 வரையான யூனிட்டுகளுக்குக் கிடைத்த குறைந்த விலையும் சேர்ந்தே போய்விடுகிறதே.

சரி, மாறிவிட்டோம். கழற்றியதை எங்கே போடுவது? இதை மட்டும் யாரும் சொல்வதில்லை. குண்டு பல்பு என்றால் கண்ணாடியும் டங்ஸ்டன் இழையும்தான், போகட்டும். மின்வெட்டுக் காலத்தில் இன்வெர்ட்டர் தாங்கட்டும் என்று வீட்டுக்கு வீடு வாங்கி மாட்டிய சி.எஃப்.எல். (வளைந்த குழல் பல்பு), அதற்கும் முந்தைய டியூப் லைட் இரண்டிலும் பாதரசம் இருக்கிறது. ஒன்றில் சில மில்லிகிராம்தான், அலற வேண்டியதில்லை. ஆனால் ஊர் மொத்தமும் கழற்றிப் போட்டால்? பாதரசம் மண்ணிலும் நீரிலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குக் பாதரசக் கழிவைக் கொட்டிய கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை விவகாரம் ஒன்றே போதும்.

எங்கள் தெருமுனைத் தொட்டியில் டியூப் லைட் தலை நீட்டிக்கொண்டு நிற்பது வழக்கமான காட்சி. பள்ளி விட்டு வரும் பையன்கள் அதை உருவி வாள்சண்டை போடுவார்கள். ‘டொப்’பென்று வெடித்ததும் வெள்ளைத் தூள் பறக்கும், அவர்களுக்கு அது வேடிக்கை. மறுநாள் காலையில் அந்தக் கண்ணாடிச் சில்லை வெறுங்கையால் அள்ளுகிறவர் தூய்மைப் பணியாளர்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் சி.எஃப்.எல்., டியூப் லைட் இரண்டையும் வீட்டு அபாயக் கழிவு என்றே வகைப்படுத்தின. நகரங்களில் 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு சேகரிப்பு மையம் வேண்டும் என்றும் சொல்லின. நம் ஊரில் அது எங்கே இருக்கிறது என்று பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள். ‘மக்கும் குப்பை, மக்காத குப்பை’ என்ற அளவில்தான் நமக்குப் பாடம் நடந்திருக்கிறது.

இனிமேல்தான் டியூப் லைட்டுகள் மொத்தமாகக் குப்பைக்கு வரப்போகின்றன. பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்த நாடுகள் செய்துகொண்ட மினமாட்டா உடன்படிக்கையின் 2023 ஜெனீவா மாநாட்டில், அவற்றின் உற்பத்தியை 2027-க்குள் நிறுத்துவதென்று முடிவாகியிருக்கிறது. அதனால் உள்ளாட்சி அமைப்புகள் இப்போதே மாதம் ஒரு நாளைக் குறித்து, குப்பை வண்டியில் தனிப்பெட்டி வைத்து, இவற்றை உடையாமல் வாங்கிக்கொள்ளலாம். பல்பு விற்கிற கடைகளிலும் பழையதைத் திரும்ப வாங்க ஏற்பாடு செய்யலாம்.

அதுவரை, புது டியூப் வந்த அட்டைக் குழாயிலேயே பழையதைச் செருகிப் பரணில் வையுங்கள். தவறி உடைந்தால் ஃபேனை நிறுத்தி, ஜன்னலைத் திறந்துவிட்டு, கொஞ்ச நேரம் வெளியே வந்துவிடுங்கள். அப்புறம் துடைப்பத்தைத் தொடாமல், கெட்டி அட்டையால் சில்லுகளை அள்ளி, மிச்சத் தூளை ஒட்டும் டேப்பில் எடுத்து, மூடியுள்ள டப்பாவில் போட்டு வையுங்கள். சேகரிப்பு மையங்களின் முகவரிகளை மாவட்டவாரியாகத் தங்கள் இதழ் வெளியிட்டால், பரணில் இருப்பதை இறக்க எங்களுக்கு வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்