ஏல விளம்பரம் வந்த பிறகு விழித்துப் பயனில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழில் வரும் வீட்டுக்கடன் ஏல அறிவிப்புகளில் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் என்று கண்ணில் பட்டால் நின்று படிப்பேன். பத்திரம் எழுதிப் பிழைத்தவன். செக்குபந்தியை, அதாவது நாலு பக்க எல்லை விவரத்தைப் பார்த்தாலே எந்த வீடு என்று பிடிபட்டுவிடும்.

அண்மையில் எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக் கேட்டில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். மகன் சிங்கப்பூரில், தாயார் மட்டும் இங்கே. கடன் கொடுத்த நிறுவனம் முன்பே பதிவுத் தபால் அனுப்பியிருக்கிறது. அந்தம்மா கையெழுத்துப் போட்டு வாங்கி, கரண்ட் பில்லோடு சேர்த்துச் சாமி மாடத்தில் வைத்துவிட்டார். உள்ளே நாலு பக்கமும் ஆங்கிலம். தாயாரைக் குறை சொல்லி என்ன செய்ய?

அடமானச் சொத்தைக் கடன் கொடுத்தவரே கோர்ட்டுக்குப் போகாமல் எடுத்து விற்க வழிசெய்யும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி, தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் வாராக்கடன். அடுத்து வருகிற நோட்டீஸில் 60 நாள் அவகாசம். அதற்குள் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால் 15 நாளில் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். வீட்டை நாமே விற்றுக் கடனை அடைக்கவும் வழி உண்டு. ஆனால் நோட்டீஸ் வந்த பிறகு கடன் கொடுத்தவரின் எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல் கிரயம் செய்யக் கூடாது. இது தெரியாமல் அட்வான்ஸ் வாங்கிவிட்டு முழிப்பவர்கள் உண்டு.

ஏலத்தன்று காலையில்கூடப் பணத்தைக் கட்டி மீட்டுக்கொள்ளலாம் என்று இங்கே டீக்கடையில் இன்னும் பேசிக்கொள்கிறார்கள். அது பழைய கதை. 2016 திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான் மீட்கும் உரிமை; உச்ச நீதிமன்றம் 2023இல் அதை உறுதி செய்துவிட்டது. ஆக, உங்கள் நாளிதழில் வருகிற அந்த ஏல அறிவிப்பை முன்னெச்சரிக்கை என்று எடுத்துக்கொள்கிறவர், அதைப் படிக்கும்போதே கெடுவைத் தவறவிட்டிருப்பார். தேவகோட்டைக் கோர்ட்டுக்கு ஓடியும் பயனில்லை. உரிமையியல் நீதிமன்றம் இதை எடுக்காது. மதுரையில் உள்ள கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குத்தான் போக வேண்டும், அதுவும் நடவடிக்கை எடுத்த 45 நாளுக்குள்.

வட்டிக்கடையில் வளர்ந்த சீமை இது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் இங்கிருந்து போய் வட்டிக்குக் கொடுத்த செட்டியார்கள் கையில் இருந்தது. நெல் விலை விழுந்து கடன் வாங்கியவர்கள் கட்ட முடியாமல் போக, 1937 வாக்கில் அது 25 ஆயிற்று. (அந்த நிலமும் கடைசியில் நிற்கவில்லை, அது வேறு விஷயம்.) அதனாலோ என்னவோ, அடமானத்தைப் பற்றி எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்ற மிதப்பு இன்னும் போகவில்லை. பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளுக்கு இந்தப் பயம் இல்லைதான். அத்தனை பங்காளிகளின் கையெழுத்துக்கு எந்த வங்கி காத்திருக்கும்? நான் பார்க்கிறவரை, விளம்பரத்தில் அடிபடுவது பெரும்பாலும் பிளாட் வாங்கிக் கடனில் கட்டிய சின்ன வீடுகள்.

ஏலத்தில் கடனும் செலவும் போக மிச்சம் வந்தால் வீட்டுக்காரருக்குத் தர வேண்டும். ஆனால் ஏலத்தில் போன வீடு என்றாலே ஆகாது என்று ஊர்க்காரர்கள் ஒதுங்கிக்கொள்ள, அடிவிலைக்கே புரோக்கர்கள் கொத்திக்கொண்டு போனால் மிச்சம் எங்கே வரும்?

முதல் நோட்டீஸோடு தமிழில் ஒரு பக்கம் சேர்த்து அனுப்பினால் வங்கிகளுக்குக் கூடுதலாக ஒரு தாள்தான் செலவு. கடைசித் தேதி, யாரிடம் பேச வேண்டும், போன் நம்பர் மூன்றும் பெரிய எழுத்தில் இருந்தால் போதும். உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அந்த 60 நாளில் என்னென்ன செய்யலாம் என்று ஏல விளம்பரம் வருகிற பக்கத்திலேயே ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போடுங்கள். விளம்பரம் தருகிறவர்கள் கோபித்துக்கொள்ள அதில் ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர்,
காரைக்குடி