அந்த சென்டர் பையனை விட்டுவிடாதீர்கள்

மாவட்டக் கூடைப்பந்து அணியின் தேர்வுக் குழுவினருக்கு வணக்கம்.

அரையிறுதியில் நம் சென்டர், அதாவது ரிங்குக்கு அருகே ஆடும் உயரமான பையன், மூன்றாம் குவார்ட்டர் முடிவதற்குள் 5 ஃபவுல் வாங்கி வெளியே போனதையும், அவனைக் கழற்றிவிட்டு வெளியூரிலிருந்து அனுபவமுள்ள ஆளைக் கொண்டுவரப் பேச்சு நடப்பதையும் நாங்கள் விளக்க வேண்டியதில்லை. அவனை அணியில் வைத்திருங்கள். அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

அந்த ஃபவுல்கள் எப்படி விழுந்தன? எதிரணியில் பந்தைத் தட்டிக்கொண்டு வரும் கார்டு, அவனை மறிக்க வேண்டிய நம் கார்டைத் தாண்டி ரிங்கை நோக்கி வருகிறான். சென்டர் தன் ஆளை விட்டுவிட்டுக் குறுக்கே வந்து மறிக்க வேண்டும். ஓர் அடி தாமதமாக வருவதால், நின்ற இடத்தில் எம்பாமல் முன்னால் பாய்கிறான். மேலே இருந்த கை இறங்கி, ஷாட் போடுபவன் முழங்கையில் படுகிறது. விசில். எதிராளி எம்புவதற்கு முன்பே அங்கே வந்து நின்று, கைகளைச் செங்குத்தாக உயர்த்தி நேராக எம்பினால், வந்து மோதினாலும் சென்டர் மீது ஃபவுல் இல்லை. இது பழக்கினால் வருவது. ஆனால் காலை நகர்த்தாமல் கையை மட்டும் நீட்டிப் பந்தைத் தட்டப் பார்த்த நம் கார்டின் தவறு ஸ்கோர் ஷீட்டில் ஏறவே இல்லை. எல்லாம் பையன் கணக்கில்தான்.

பந்தை வாங்கியதும் இடுப்புக்கு இறக்கிவிடுகிறான், அதுவும் உண்மை. ஐந்தரை அடி ஆள்கூடத் தட்டிவிட்டுப் போகிறான். பந்து தாடைக்குக் கீழே இறங்கக் கூடாது, முழங்கைகள் விரிந்திருக்க வேண்டும். இதற்கு மைக்கன் டிரில் இருக்கிறது: ரிங்குக்கு அடியில் வலம், இடம் என்று மாறி மாறிப் போர்டில் அடித்துப் போட்டு, விழும் பந்தைத் தலைக்கு மேலேயே பிடித்து மறுபடி எம்ப வேண்டும். தினமும் 15 நிமிடம் போதும். வளர்கிற பையன், தளமோ சிமெண்ட். முழங்கால் சில்லுக்குக் கீழே வலி வந்தால் குதிப்பதைக் குறைத்து, கால் நகர்வை மட்டும் பழக்க வேண்டும்.

இதை அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? மாலையில் ஓட்டம், ஓடிவந்து ரிங்கருகே பந்து போடும் லே-அப், பிறகு இருட்டும்வரை மேட்ச். சென்டருக்கென்று தனியாகப் பத்து நிமிடம் கிடையாது. அக்டோபரில் மழை பிடித்தால் டிசம்பர் வரை திறந்தவெளித் தளத்தில் பாதி நாள் பயிற்சியே இல்லை. தஞ்சை, திருவாரூர், நாகை, எங்கே பார்த்தாலும் இதே நிலைதான். ஒரு கூரை கேட்டால் நிதி இல்லை. வெளியூர் ஆட்டக்காரருக்குப் பயணப்படியும் தங்குமிடமும் கொடுக்க மட்டும் நிதி இருக்கிறது. அவர் கோப்பையோடு போய்விடுவார். அடுத்த வருடம் மறுபடி சென்டர் தேடுவோம். நம் வட்டாரத்தில் ஆறடி நாலங்குலப் பையன் தெருவுக்குத் தெருவா கிடைக்கிறான்?

பஞ்சாபின் பல்லோ கே கிராமத்தில் பிறந்த சத்னம் சிங்கை 2015-இல் அமெரிக்காவின் என்பிஏ லீக் அணியான டல்லாஸ் மேவரிக்ஸ் தேர்ந்தெடுத்தது. இந்தியாவில் பிறந்து, அந்த லீக் அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் தேர்வான முதல் ஆள் அவர். அதற்கு முன்னால் லூதியானாவிலும் அமெரிக்காவிலும் வருடக்கணக்கில் பயிற்சி. 7 அடி 2 அங்குல ஆளுக்கே அவ்வளவு காலம் தேவைப்பட்டது.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு சீசன் அவனை வைத்திருங்கள். முதல் குவார்ட்டரில் 2 ஃபவுல் விழுந்தால் உட்கார வைத்து, இரண்டாம் பாதியில் இறக்குங்கள். வாரம் மூன்று நாள் தனிப் பயிற்சிக்கு எங்களில் ஒருவர் காசு வாங்காமல் வரத் தயார். தளத்தின் சாவியை மாலை 5 மணிக்குக் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
தஞ்சை, கும்பகோணம் வட்டாரக் கூடைப்பந்துப் பயிற்சியாளர்கள் சிலர்