340-க்கும் 410-க்கும் நடுவில்

அன்பு மச்சான்,

நீ அனுப்பிய பட்டியல்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. மகிழ்ச்சிப் பட்டியல், பாஸ்போர்ட் பட்டியல், பசிப் பட்டியல், ஊழல் பட்டியல், கால்பந்துப் பட்டியல், கடைசியாகப் பல்கலைக்கழகப் பட்டியல். ஒவ்வொன்றின் கீழும் நீ போட்ட "பார்த்தாயா?"வும் வந்தது. நான் எதற்குமே பதில் போடவில்லை என்று நம் கூட்டாளி 'ஏழாம் ரேங்க்'கிடம் புலம்பினாயாம். அவனிடம் சொன்னால் அன்று மாலைக்குள் என் காதுக்கு வந்துவிடும் என்று தெரிந்துதானே சொன்னாய்?

வீட்டில் எல்லோரும் நலம். அம்மா முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறார், என்னைவிட வேகமாக. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பெரியவளுக்கு இரண்டு இடத்தில் அனுமதி கிடைத்திருக்கிறது, ஒன்று உலக வரிசையில் 340-க்குப் பக்கம், மற்றது 410-க்குப் பக்கம், எதில் சேர்ப்பது என்று கேட்டிருந்தாய். உடனே ஏதாவது சொல்லியிருப்பேன். ஆனால் அதற்குள் இங்கே ஒன்று நடந்துவிட்டது. எங்கள் கல்லூரியில் என்னைத் தரவரிசைக் குழுவில் போட்டுவிட்டார்கள்.

சிரிக்காதே. குழு என்றால் ஆலோசனை, விவாதம் எல்லாம் கிடையாது. ஓர் எக்செல் கோப்பு, அதில் நிரப்பவேண்டிய கட்டங்கள், அவ்வளவுதான். ஆசிரியர்கள் எத்தனை பேர், மாணவர்கள் எத்தனை பேர், ஆய்வுக் கட்டுரைகள் எத்தனை, வெளிநாட்டு மாணவர்கள் எத்தனை. எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்பது ஏற்கெனவே முடிவாகி இருக்கிறது. யார் முடிவு செய்தார்கள், எப்படி என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஆரம்பித்தவன் நிறுத்தவில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு மேல் போலந்து கால்பந்து அணியைப் பற்றிப் பேசினால் கதவைச் சாத்திக்கொள்வேன் என்று வீட்டில் மிரட்டல் வரும் அளவுக்குப் போய்விட்டது.

போலந்து கதையை நீ கேட்டே ஆகவேண்டும். ஃபிஃபா தரவரிசையில் 2018 வரை இருந்த கணக்கு இது: ஒவ்வோர் ஆட்டத்துக்கும் புள்ளி கொடுத்து, ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்துச் சராசரி எடுப்பார்கள். உலகக் கோப்பை ஆட்டத்துக்கு எடை 4, தகுதிச் சுற்றுக்கு 2.5, நட்பு ஆட்டத்துக்கு 1. அதாவது நட்பு ஆட்டத்தில் ஜெயித்தால்கூடச் சராசரி இறங்கலாம்! போலந்து இதைக் கவனித்துவிட்டது. ஏறக்குறைய ஓராண்டு நட்பு ஆட்டமே ஆடவில்லை. தரவரிசையில் ஆறாம் இடத்துக்கு ஏறி, 2018 உலகக் கோப்பையில் பலமான அணிகளுக்கான முதல் தொகுப்பில் உட்கார்ந்தது. ஸ்பெயின் இரண்டாம் தொகுப்பில். கோப்பை தொடங்கியதும் போலந்து செனகலிடம் தோற்றது, கொலம்பியாவிடம் தோற்றது, ஜப்பானை மட்டும் வென்று பிரிவில் கடைசியாக வந்து வீட்டுக்குப் போனது. அதே கணக்கினால்தான் பிரேசில் 2013 ஜூனில் 22-ஆம் இடத்துக்குச் சரிந்தது. அடுத்த உலகக் கோப்பையை நடத்தும் நாடு என்பதால் அவர்களுக்குத் தகுதிச் சுற்றே இல்லை, நட்பு ஆட்டங்கள்தான் இருந்தன. அந்த மாதக் கடைசியில் கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை இறுதியில் ஸ்பெயினை மூன்றுக்குப் பூஜ்யம் என்று அடித்தார்கள். இருபத்திரண்டாவது அணியாம்!

ஆனால் இதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. விளையாட்டில் தரவரிசை பொய் சொன்னால் அடுத்த ஆட்டத்தில் மாட்டிக்கொள்ளும். 2018 ஆகஸ்டில் ஃபிஃபா அந்தக் கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, செஸ்ஸில் உள்ள எலோ முறையின் வழிக்கு வந்தது. எலோ என்றால் ஆர்பாட் எலோ, ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர். உலகச் செஸ் கூட்டமைப்பு 1970-இல் அவர் முறையை எடுத்துக்கொண்டது. அதன் அழகு என்னவென்றால், அந்த எண் ஒரு பந்தயம் கட்டுகிறது. இருவருக்கும் நடுவில் 200 புள்ளி வித்தியாசம் என்றால், பலமானவர் நான்கு ஆட்டத்தில் மூன்று புள்ளி எடுப்பார் என்று எதிர்பார்க்கிறது. எடுக்கவில்லையா, எண் உடனே இறங்கும். அதுவும் மீறித் தவறும். 2024 டிசம்பரில் குகேஷ் பதினெட்டு வயதில் உலகச் சாம்பியன் ஆனபோது தரவரிசையில் ஐந்தாம் இடத்தில் இருந்தார். அர்ஜுன் எரிகைசி அவருக்கு மேலே நான்காம் இடத்தில். முதலிடத்தில் கார்ல்சன், பட்டத்தை வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போனவர். பட்டம் ஒருவரிடம், முதலிடம் இன்னொருவரிடம் என்பதை அங்கே யாரும் வினோதமாகப் பார்ப்பதில்லை. இரண்டும் வேறு வேறு கேள்விக்குப் பதில் என்று எல்லோருக்கும் தெரியும்.

பல்கலைக்கழகத்துக்கு அடுத்த ஆட்டம் எங்கே இருக்கிறது? 340 வந்து 410-ஐ எந்த மைதானத்தில் சந்திக்கும்? அந்த எண் தோற்பதற்கு வழியே இல்லை மச்சான். அதுதான் என் பிரச்சினை.

இன்னொன்று சொல்கிறேன். உலகப் பல்கலைக்கழகப் பைத்தியத்தை ஆரம்பித்து வைத்தது 2003-இல் ஷாங்காய் ஜியாவ் தோங் பல்கலைக்கழகம் வெளியிட்ட பட்டியல். அதில் கல்வியின் தரத்தை எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? அங்கே படித்தவர்களில் எத்தனை பேர் நோபல் பரிசோ, கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கமோ வாங்கினார்கள் என்று. அதற்கு நூற்றுக்குப் பத்து. பரிசு வாங்கியவர்கள் அங்கே வேலை பார்த்திருந்தால் இன்னும் இருபது. இதனால் பெர்லினில் ஒரு தகராறே வந்தது. ஐன்ஸ்டைன் இருந்த பழைய பெர்லின் பல்கலைக்கழகம் போருக்குப் பிறகு கிழக்குப் பகுதியில் ஹம்போல்ட் என்ற பெயரோடு தொடர்ந்தது. மேற்கில் 1948-இல் சுதந்திரப் பல்கலைக்கழகம் புதிதாக வந்தது. ஐன்ஸ்டைனின் பரிசு யார் கணக்கில்? அவர் 1955-இல் காலமானவர். பெரியவள் எந்தக் கட்டடத்தில் சேர்ந்தாலும் அவர் வகுப்பெடுக்க வரப்போவதில்லை.

நீ பார்த்து மயங்கிய க்யூ.எஸ். என்ற பல்கலைக்கழகப் பட்டியலில் ஏறக்குறையப் பாதி அபிப்பிராயம். பேராசிரியர்களிடம் கருத்துக் கேட்டு வாங்கும் 'நற்பெயருக்கு' நீண்டகாலம் 40 சதவீதம், வேலை கொடுப்பவர்களின் கருத்துக்கு 10. 2024 பதிப்பில் முதலாவதை 30 ஆக்கினார்கள், இரண்டாவதை 15 ஆக்கினார்கள். ஆசிரியர்–மாணவர் விகிதத்துக்கு இருந்த 20 சதவீதத்தைப் பத்தாகக் குறைத்தார்கள். எந்த வகுப்பறையிலும் ஒரு நாற்காலிகூட நகரவில்லை. எடை மாறியது, இடங்கள் மாறின, இறங்கியவர்கள் கூட்டம் போட்டுக் காரணம் தேடினார்கள். நீ வருஷம் முழுக்க அடுத்தவன் கணக்கில் ஓட்டை தேடுகிற ஆடிட்டர். உலகத் தரவரிசை என்றால் மட்டும் அடிக்குறிப்பைப் படிக்காமலே ஃபார்வர்டு செய்கிறாயே, எப்படி?

பாரிஸ் ஒலிம்பிக் சண்டையை நான் இன்னும் மறக்கவில்லை. ஆறு பதக்கம் வாங்கிய இந்தியா 71-ஆம் இடம், ஒரே பதக்கம் வாங்கிய பாகிஸ்தான் 62-ஆம் இடம், இது என்ன நியாயம் என்று குதித்தாய். நியாயம் இல்லை, பழக்கம். தங்கத்தை முதலில் எண்ணும் பழக்கம். பாகிஸ்தானின் அர்ஷத் நதீம் ஈட்டியை 92.97 மீட்டர் எறிந்து தங்கம் வாங்கினார். நீரஜுக்கு வெள்ளி, மற்ற ஐந்தும் வெண்கலம். ஒரு தங்கத்துக்கு முன்னால் எத்தனை வெண்கலம் வைத்தாலும் அந்தக் கணக்கில் எடுபடாது. அமெரிக்கப் பத்திரிகைகள் மொத்தப் பதக்கத்தை எண்ணுகின்றன. 2008 பெய்ஜிங்கில் தங்கக் கணக்கில் சீனா முதலிடம், மொத்தக் கணக்கில் அமெரிக்கா முதலிடம். அவரவர் நாட்டுக்காரர்கள் அவரவர் பட்டியலைப் பார்த்துச் சந்தோஷமாகத் தூங்கினார்கள். வேடிக்கை என்னவென்றால், நாடுகளை வரிசைப்படுத்தும் பட்டியலை ஒலிம்பிக் கமிட்டி தயாரிக்கக் கூடாது என்று ஒலிம்பிக் சாசனத்திலேயே எழுதியிருக்கிறது. நாம் கட்டிப் புரண்டது அவர்கள் அதிகாரபூர்வமாக ஏற்காத ஒரு வரிசைக்காக. (பந்தயத் தொகையை நான் மறக்கவில்லை, நீயும் மறக்காதே.)

பின்லாந்து விஷயமும் அப்படித்தான். 2018-இலிருந்து வருஷா வருஷம் மகிழ்ச்சிப் பட்டியலில் முதலிடம், 'அவர்கள் சிரித்து யார் பார்த்தது' என்று கேட்டாய். சிரிப்பைப் பற்றி அங்கே கேள்வியே இல்லை. ஓர் ஏணியை நினைத்துக்கொள், கீழே பூஜ்யம், மேலே பத்து, உன் வாழ்க்கை எந்தப் படியில் நிற்கிறது என்று கேட்கிறார்கள். நாட்டுக்கு வருஷத்துக்கு ஆயிரம் பேர் அளவில், மூன்று வருஷச் சராசரி. சிரிக்காமலே எட்டாம் படியில் நிற்கலாம். பெயரில் 'மகிழ்ச்சி' என்று வைத்தது வேறு யாரோ.

நான் பட்டியல்களுக்கு எதிரி இல்லை, அப்படி நினைத்துவிடாதே. மனித வளர்ச்சிக் குறியீட்டை 1990-இல் கொண்டுவந்த பாகிஸ்தான் பொருளாதார நிபுணர் மஹபூப் உல் ஹக்கிடம், இவ்வளவு சிக்கலான வாழ்க்கையை ஒரே எண்ணில் அடைப்பதா என்று அமர்த்தியா சென் தயங்கியிருக்கிறார். இருவரும் கேம்பிரிட்ஜ் காலத்து நண்பர்கள். ஹக் விடவில்லை. தேசிய உற்பத்தி என்ற ஒற்றை எண்ணை எல்லோரும் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள், அதை இறக்க இன்னொரு ஒற்றை எண்தான் வேண்டும் என்பது அவர் வாதம். பிறகு சென்னும் அது சரிதான் என்று ஒப்புக்கொண்டார். ஆயுளும் படிப்பும் அதனால்தான் தலைப்புச் செய்திக்கு வந்தன. இது பெரிய வேலை. என்னால் குறை சொல்ல முடியாது.

ஆனால் எண்ணுக்கு மதிப்பு வந்ததும் அதைத் தொடத் தோன்றுகிறது. உலக வங்கி 'தொழில் செய்ய எளிதான நாடுகள்' என்று ஒரு வரிசை போட்டதே, நினைவிருக்கிறதா? இந்தியா 142-இலிருந்து 63-க்கு ஏறியபோது நீ அனுப்பிய பட்டாசுப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது. இந்தியாவுக்கான கணக்கு டில்லி, மும்பை என்ற இரண்டு நகரங்களை வைத்துத்தான் எடுக்கப்பட்டது என்பதை அப்போது நீ சொல்லவில்லை. 2018 அறிக்கையில் சீனா 85-க்கு இறங்கவேண்டியது, உள்ளே கணக்கைத் திருத்தியதால் 78-இலேயே நின்றது என்று பிறகு வெளியே வந்தது. 2021 செப்டம்பரில் அந்த அறிக்கையையே நிறுத்திவிட்டார்கள். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகமும் அப்படித்தான். அமெரிக்கப் பல்கலைக்கழகப் பட்டியலில் இரண்டாம் இடத்தில் இருந்தது. வகுப்பின் அளவு, ஆசிரியர்களின் தகுதி பற்றிய எண்கள் பொருந்தவில்லையே என்று 2022-இல் எழுதியவர் அங்கேயே வேலை பார்க்கும் ஒரு கணிதப் பேராசிரியர். சில மாதத்தில் 18-ஆம் இடம். தன் சம்பளம் வரும் இடத்தைப் பற்றி அப்படி எழுத எவ்வளவு தைரியம் வேண்டும் என்று இப்போதெல்லாம் அடிக்கடி யோசிக்கிறேன்.

ஏன் யோசிக்கிறேன் என்றால், என் கோப்பில் 'முழுநேர ஆசிரியர்கள்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. வருஷ நடுவில் வேலையை விட்டுப் போனவர்களையும், மணிக்கணக்குக்கு வந்து பாடம் எடுப்பவர்களையும் அதில் சேர்த்துவிடச் சொல்கிறார்கள். "எல்லோரும் இப்படித்தான் சார் போடுகிறார்கள்." அது உண்மையாகவும் இருக்கலாம். சேர்த்தால் விகிதம் அழகாகிவிடும். தயாரித்தவர் என்ற இடத்தில் என் பெயர் இருக்கும். அந்த எண்ணை உன்னைப்போல ஓர் அப்பா ராத்திரி உட்கார்ந்து கால்குலேட்டரோடு ஒப்பிட்டுப் பார்ப்பான், அதை நம்பி மகளை அனுப்புவான். மணிக்கணக்குக்கு வருகிற அந்த இளைஞர்களில் இரண்டு பேர் என்னிடம் படித்தவர்கள். காகிதத்தில் முழுநேரம், சம்பளத்தில் அரைநேரம்.

பெரியவளுக்குப் பதில் இதுதான். தரவரிசைக்குப் பக்கத்தில் மதிப்பெண் என்று இன்னொரு பத்தி இருக்கும், அதைப் பார். நடுவரிசையில் நூற்றுக்கு ஓரிரு புள்ளி மாறினாலே பல இடம் தாண்டிவிடும். அதனால்தான் சில பட்டியல்கள் ஓர் அளவுக்குக் கீழே போனதும் தனி இடம் போடாமல் 401–500 என்று கூட்டமாகப் போடுகின்றன. பிறகு, அவள் படிக்கப்போகும் துறைக்கு அவளையே கடிதம் எழுதச் சொல். முதலாண்டுப் பாடங்களை யார் எடுக்கிறார்கள், அவர்கள் நிரந்தர வேலையில் இருக்கிறார்களா, ஒரு வகுப்பில் எத்தனை பேர், போன வருஷம் முடித்தவர்களில் இரண்டு பேரோடு பேச முடியுமா. எந்தத் துறை ஒழுங்காகப் பதில் போடுகிறதோ அதுவே பாதிப் பதில். நீ போன் செய்யாதே, அவள் எழுதட்டும்.

எனக்கு உன்னிடம் ஒரு வேலை இருக்கிறது. செவ்வாய்க்கிழமை குழு கூடுகிறது. நான் உண்மையான எண்ணைத்தான் போடப்போகிறேன், போடாவிட்டால் என் பெயரை எடுத்துவிடச் சொல்லிக் கேட்பேன். ஆனால் இதைச் சண்டை இல்லாமல், பின்னால் என் வாயை யாரும் பிடுங்க முடியாதபடி எழுத்தில் கொடுக்கவேண்டும். 'இதற்குக் கையெழுத்துப் போட முடியாது' என்பதை மரியாதையாக எழுதுவதுதானே உங்கள் தொழிலே. இரண்டே வரி போதும், திங்கட்கிழமைக்குள் அனுப்பு.

உன்,
குட்டை