சட்டம் படித்த நம் பிள்ளைகள்: 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொதுக்குழு உறுப்பினர்களே, வணக்கம்.

படிப்பகம், கோடை வகுப்பு, பொங்கல் விளையாட்டு மூன்றும் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நம் ஊரிலிருந்து வக்கீலுக்குப் படித்த பிள்ளைகளைப் பற்றித்தான் நான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

படிப்புக்கு இன்று வழி இருக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு 2021 முதல் சட்டப் படிப்புக்கும் உண்டு. விழுப்புரத்திலேயே அரசு சட்டக் கல்லூரி வந்தபின், பெண்பிள்ளைகளை அனுப்பத் தயங்கிய வீடுகளும் அனுப்புகின்றன. பட்டம் வாங்கிய பிறகுதான் கஷ்டம் தொடங்குகிறது.

2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு பெரிய ஆறுதல். வழக்கறிஞர்கள் சட்டத்தில் உள்ளபடி பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேல், வக்கீலாகப் பதிவு செய்யும் பார் கவுன்சில்கள் பதிவுக் கட்டணம் வாங்கக் கூடாது என்றது. அதற்கு முன் ஒடிசாவில் 42,100 ரூபாய் வரை வாங்கினார்கள். இந்த ஆண்டு பதிவு செய்த நம் பிள்ளைகள் யாரும் அதற்காக வட்டிக்கு வாங்கவில்லை. பதிவு செய்தவர்கள் தொழிலைத் தொடர எழுத வேண்டிய அகில இந்திய பார் தேர்வுக்கு 3,500 ரூபாய், பட்டியல் பிரிவினருக்கு 2,500 ரூபாய் ஆகிறது. அதையும் கோட்டு, கவுன் செலவையும் சங்கம் ஏற்றது.

அப்புறம் ஜூனியர் காலம், அதாவது அனுபவமுள்ள ஒரு சீனியர் வக்கீலிடம் இருந்து தொழில் கற்கும் காலம். அப்பாவோ மாமாவோ வக்கீலாக இருந்தால் ஆபீசும் புத்தகமும் வழக்கு தரும் கட்சிக்காரரும் தானாக வந்துவிடும். நம் பிள்ளைகளுக்குச் சீனியரைப் பிடிப்பதே பெரும்பாடு. ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 ரூபாயாவது கொடுக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் சொன்னது. நம் பிள்ளைகள் கைக்கு வருவதோ பஸ் செலவுக்கே போதவில்லை. ஒரு பெண் பகலெல்லாம் கோர்ட்டில் நின்றுவிட்டு, மாலையில் ஜெராக்ஸ் கடையில் டைப்பிங் செய்கிறார். சீனியர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. சின்ன ஊர் முன்சீப் கோர்ட்டில் அவர்களுக்கே வருமானம் குறைவு.

நீதிபதி வேலை என்ற இன்னொரு கதவும் இப்போது தள்ளிப் போயிருக்கிறது. 2024 தொடக்கத்தில் ஜவ்வாது மலையைச் சேர்ந்த பழங்குடிப் பெண் ஸ்ரீபதி, 23 வயதில் சிவில் நீதிபதித் தேர்வில் வென்றபோது நம் படிப்பகமே கொண்டாடியது. உச்ச நீதிமன்றத்தின் 2025 மே 20 தீர்ப்பின்படி, அதற்குப் பின் வரும் இந்தத் தேர்வுகளை எழுத மூன்று ஆண்டு வக்கீல் தொழில் செய்திருக்க வேண்டும். அனுபவம் வேண்டும் என்பது நியாயமே. அந்த மூன்று ஆண்டும் ஏழைப் பிள்ளை எதைச் சாப்பிட்டுத் தொழில் கற்பது என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை.

அதனால் செயற்குழு ஒரு முடிவு எடுத்திருக்கிறது. அதிக மதிப்பெண் எடுத்தவர்களுக்கு ஆண்டுதோறும் தரும் பரிசுத் தொகையை நிறுத்திவிட்டு, பதிவு செய்த முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஜூனியர்களுக்கு மாத உதவியாகக் கொடுக்கலாம். பரிசை எதிர்பார்க்கும் பெற்றோருக்கு வருத்தம் இருக்கும், தெரியும். இருந்தாலும் இந்தப் பணம் எங்கே போனால் ஒரு பிள்ளை தொழிலை விட்டு ஓடாமல் நிற்கும் என்று பார்த்தால், இதுதான் சரி. தெரிந்த சீனியர் வக்கீல்கள் இருந்தால் உறுப்பினர்கள் என்னிடம் சொல்லுங்கள், நானே நேரில் போய்ப் பேசுகிறேன்.

தீர்மானத்தைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்