ஆடியிலேயே கேட்டுவிடுங்கள்

தமிழ்நாட்டின் கிராமப்புறத் தொகுதிகளிலிருந்து மக்களவைக்குச் சென்றிருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

காவிரிப் பாசனத்தில் மூன்று ஏக்கரில் குறுவை நெல்லும் சம்பா நெல்லும் செய்கிற விவசாயி நான். கட்சி எதிலும் இல்லை. நீங்கள் அவையில் பேசும் வீடியோ எப்படியும் செல்போனுக்கு வந்துவிடுகிறது. 543 பேர் உட்காரும் இடத்தில் எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர் உங்கள் வாயால் வரும்போது மனசு நிறைந்துபோகிறது. அந்த நன்றியை முதலில் சொல்லிவிடுகிறேன். அடுத்து எழுதப்போவது, நெல் கொள்முதலின் ஈரப்பத விதி பற்றி ஒரு முறையீடு.

எங்கள் நெல்லைப் பற்றி நீங்கள் பேசுகிறீர்கள். ஆனால் நீங்கள் பேசும் நேரத்தில் அந்த நெல் முளைத்துவிட்டிருக்கிறது.

ஒரு ஐப்பசியில் நடந்ததைச் சொல்கிறேன். அறுப்பு மிஷின் கிடைப்பதற்கே ஒரு வாரம் காத்திருந்து, வானம் கொஞ்சம் வெளுத்த ஒரு பிற்பகலில் அறுத்து, டிராக்டரில் ஏற்றிக் கொண்டுபோய் அரசு கொள்முதல் நிலையத்து வாசலில் கொட்டினேன். எனக்கு முன்னால் பதினோரு அம்பாரம். நான்காம் நாள்தான் என் முறை வந்தது. அந்த நான்கு நாளும், வெயில் எட்டிப்பார்த்தால் தார்ப்பாயை உருவி நெல்லைப் பரப்புவதும், காலால் கோடு கோடாகக் கிளறிவிடுவதும், தூறல் விழுந்தால் ஓடிவந்து குவித்து மூடுவதுமாகப் போயின. எழுத்தர் ஒரு பிடி நெல்லை அள்ளி ஈரப்பதம் பார்க்கும் மிஷினில் போட்டார். 19.2 சதவீதம் என்று காட்டியது. “பதினேழுக்கு மேல எடுக்க முடியாதுண்ணே, இன்னும் ஒரு நாள் காய வைங்க” என்றார். அன்று இரவு பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை. விட்டபிறகு தார்ப்பாயைத் தூக்கினேன். சோறு வடிக்கும்போது வருகிற மாதிரி ஆவி வந்தது. உள்ளே கையை விட்டால் சுட்டது. ஓரத்து நெல்லெல்லாம் வெள்ளையாக முளை விட்டு, ஒன்றோடொன்று வேர் பின்னி, பாயைச் சுருட்டுவது போலச் சுருட்டி எடுக்கிற அளவுக்கு ஆகியிருந்தது.

அந்த எழுத்தர் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. ஈரமாக எடுத்த நெல் கிடங்குக்குப் போய் எடை குறைந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். 17 என்ற எண்ணை அவர் எழுதவில்லை. மாநில அரசும் எழுதவில்லை. மத்திய உணவுத் துறை ஒவ்வொரு கொள்முதல் பருவத்துக்கும் வெளியிடும் தர அளவுகளில் இருக்கிறது அது. நாடு முழுவதற்கும் ஒரே எண். அதனால்தான் இந்த மடலை மாவட்ட ஆட்சியருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

அந்த எண் ஏன் எங்களுக்கு ஒத்துவரவில்லை என்பதை டெல்லியில் யாராவது பொறுமையாக விளக்க வேண்டும். பஞ்சாபில் அக்டோபரில் நெல் அறுக்கும்போது தென்மேற்குப் பருவமழை விலகிப் போயிருக்கும். வெயிலில் இரண்டு நாள் கிடந்தால் போதும், நெல் காய்ந்துவிடும். நமக்கு அக்டோபரில்தான் வடகிழக்குப் பருவமழையே தொடங்குகிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதத்தில் கொட்டித் தீர்க்கிறது. மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்தால் குறுவை புரட்டாசியிலும் ஐப்பசியிலும்தான் அறுவடைக்கு வரும். அப்புறம், முன்பு போல ஆள் வைத்து அறுத்து, கட்டுக் கட்டி, களத்தில் அடித்துத் தூற்றுகிற காலமும் போய்விட்டது. அந்த வேலைகளுக்கு நடுவிலேயே நெல் பாதி காய்ந்துவிடும். இன்று மிஷின் அறுத்தவுடன் பச்சை ஈரத்தோடு நேராக டிராக்டரில் விழுகிறது. விதி அப்படியே இருக்கிறது, அறுக்கிற முறை மாறிவிட்டது.

மழை பிடித்ததும் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ஈரப்பதத்தை 20, 22 வரை தளர்த்தச் சொல்லி மாநில அரசு கடிதம் எழுதும். மத்தியக் குழு வரும். கொள்முதல் நிலையங்களில் மாதிரி எடுப்பார்கள், அது ஆய்வகத்துக்குப் போகும், அறிக்கை டெல்லிக்குப் போகும், அதன் பிறகு உத்தரவு. சில ஆண்டுகளில் தளர்வு கிடைத்தும் இருக்கிறது. 2022 அக்டோபரில் 19 சதவீதம் வரை, 2023 பிப்ரவரியில் 20 வரை. ஆனால் மழை ஈரத்தில் நெல் முளைக்க மூன்று நான்கு நாள் போதும். ஒரு கடிதம் அலுவலகத்திலிருந்து அலுவலகத்துக்குப் போய்வர அதைவிட அதிக நாளாகிறது.

இங்கேதான் நாடாளுமன்றக் காலண்டரைக் கொஞ்சம் பாருங்கள். மழைக்காலக் கூட்டத்தொடர் வழக்கமாக ஜூலை மூன்றாம் வாரத்தில் தொடங்கி ஆகஸ்டில் முடிகிறது. குளிர்காலக் கூட்டத்தொடர் நவம்பர் கடைசியில் அல்லது டிசம்பரில் தொடங்குகிறது. குறுவை அறுக்கிற புரட்டாசி, ஐப்பசியில் அவையே நடப்பதில்லை. நீங்கள் எவ்வளவு நல்ல பேச்சாளராக இருந்தாலும் அந்த இரண்டு மாதத்தில் எழுந்து பேச இடம் இல்லை. அதனால்தான் ஒவ்வொரு ஆண்டும் எங்கள் நெல் டிசம்பரில் அவைக்கு வருகிறது. அதற்குள் வியாபாரியிடம் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு, சம்பாவுக்குக் களையெடுத்துக்கொண்டிருப்போம்.

ஆடிப் பட்டம் தேடி விதை என்பார்கள். உங்கள் கேள்விக்கும் பட்டம் அதுதான். ஆடியில் கேட்டால் புரட்டாசிக்குள் ஒரு உத்தரவு வர வழி உண்டு.

எப்படிக் கேட்பது என்பதிலும் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. என் மகள் மக்களவை இணையதளத்தில் பழைய கேள்வி பதில்களை எடுத்துக் காட்டினாள். பல இரவு உட்கார்ந்து பார்த்தோம். ‘விவசாயிகள் பாதிக்கப்படுவது அரசுக்குத் தெரியுமா, என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்று பொதுவாகக் கேட்டால் பதிலும் பொதுவாகத்தான் வருகிறது. நாலு திட்டத்தின் பெயர், இரண்டு இணைப்பு அட்டவணை, முடிந்தது. தேதியைக் கேளுங்கள். கடந்த ஐந்து ஆண்டில் தமிழ்நாட்டிலிருந்து தளர்வு கேட்டு வந்த ஒவ்வொரு கடிதமும் எந்தத் தேதியில் கிடைத்தது? குழு எந்தத் தேதியில் கிளம்பியது? மாதிரி எந்தத் தேதியில் எடுக்கப்பட்டது? உத்தரவு எந்தத் தேதியில் போனது? வடகிழக்குப் பருவமழைப் பகுதிக்கு முன்கூட்டியே நிலையான தளர்வு கொடுக்கத் தடை என்ன? இவ்வளவுதான். ஒரு கேள்வி 150 சொல்லுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி, இது அதில் அடங்கிவிடும். தேதி தேதியாகப் பதில் வந்துவிட்டால் அதற்கு மேல் நாங்கள் வாதாடவே தேவையில்லை, அந்தத் தாளே பேசும்.

பதில் வேண்டிய நாளுக்குப் பதினைந்து நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். ஆகவே ஆடியில் பதில் வர ஆனியிலேயே எழுதியிருக்க வேண்டும். அவையில் வாய்மொழியாகப் பதில் கேட்கும் நட்சத்திரக் கேள்வி ஒரு நாளைக்கு 20-தான், அதிலும் நேரடியாக அமைச்சர் எழுந்து பதில் சொல்லும் அளவுக்கு வருவது சிலதான். எழுத்தில் பதில் தரும் கேள்வி 230. குலுக்கலில் வருவது அதிர்ஷ்டம். ஆனால் தமிழ்நாட்டுக்கு 39 உறுப்பினர்கள் இருக்கிறீர்கள். நெல் விளையும் தொகுதிக்காரர்கள் எல்லாம் ஒரே விஷயத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு நோட்டீஸ் கொடுத்தால் யாராவது ஒருவருக்கு வராமலா போகும்? இதில் கட்சி பார்க்காதீர்கள். தார்ப்பாய்க்குள் இருக்கும் நெல்லுக்குக் கட்சி இல்லை.

அவசர விஷயங்களை அவையில் எழுப்பும் பூஜ்ய நேரம் பற்றியும் சொல்ல வேண்டும். எங்களுக்கு வரும் வீடியோ பெரும்பாலும் அந்த நேரத்தில் எடுத்ததுதான். காலை பத்து மணிக்குள் நோட்டீஸ் கொடுத்து, பெயர் வந்து, இரண்டு மூன்று நிமிடத்தில் பேசி உட்காருகிறீர்கள். அவசரத்துக்கு அது வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு அமைச்சர் பதில் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மக்களவை நடைமுறை விதி 377-இன் கீழ் 250 சொல்லுக்குள் எழுதிக் கொடுத்தால் அமைச்சகத்திலிருந்து எழுத்தில் பதில் வரும். வீடியோவுக்குச் சுவையில்லாத வேலைதான். எங்களுக்கு அந்தக் கடிதம்தான் வேண்டும்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. ‘தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்’ என்று அமைச்சர் பதில் சொன்னால் நாம் சோர்ந்து விட்டுவிடுகிறோம். அது ஒரு வாக்குறுதி. 1953 முதல் மக்களவையில் அரசு வாக்குறுதிகளுக்கென்றே ஒரு குழு இருக்கிறது. அப்படிச் சொன்னதை மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், இல்லாவிட்டால் காரணம் காட்டிக் கால நீட்டிப்புக் கேட்க வேண்டும். ஆடியில் அப்படி ஒரு பதில் வந்தால், மூன்று மாதம் கழித்து ஐப்பசியில் அந்தக் கெடு வந்து நிற்கும். நீங்கள் செய்ய வேண்டியது, அந்தத் தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு குழுவுக்கு ஒரு கடிதம் போடுவதுதான். உணவுத் துறைக்கான நிலைக்குழுவில் உங்களில் யாராவது இருந்தால் இன்னும் நல்லது. அங்கே அதிகாரிகள் எதிரில் உட்கார்ந்திருப்பார்கள், கேமரா இருக்காது, நிதானமாகக் கேட்கலாம்.

தமிழிலேயே பேசுங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அவையில் உடனடி மொழிபெயர்ப்பு வசதி இருக்கிறது. காரீஃப், ராபி என்ற டெல்லியின் இரண்டு பயிர்ப் பருவப் பெட்டிக்குள் குறுவை, சம்பா, தாளடி மூன்றும் சரியாக அடங்குவதில்லை. குறுவையை குறுவை என்றே சொல்லி, அது எந்த மாதம் அறுப்புக்கு வரும் என்று ஒரு வரி விளக்கிவிட்டால் போதும். இந்திய உணவுக் கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகம் 1965 ஜனவரியில் திறந்தது தஞ்சாவூரில்தான். அந்த ஊர் அறுவடைக் காலத்தை அவர்களுக்கு நினைவுபடுத்த உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

விடாமல் கேட்டால் நடக்கிறது என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே சாட்சி உண்டு. திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் பக்கம் அகஸ்தியம்பள்ளிக்குப் போகும் 37 கிலோமீட்டர் பாதை. பல ஆண்டுகள் ரயிலே இல்லாமல் புல் முளைத்துக் கிடந்தது. உப்பளத்துக்காரர்கள், பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் பஸ்ஸையே நம்பி இருந்தார்கள். கேட்டுக்கொண்டே இருந்து, 2023 ஏப்ரலில் அகலப்பாதையாக மீண்டும் திறந்தது. ஒரு பேச்சில் வந்ததல்ல அது.

எங்கள் பக்கத் தவறையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் தொகுதிக்கு வந்தால் பட்டா, தெருவிளக்கு, முதியோர் உதவித்தொகை என்று மனுக்களை அடுக்கிவிடுகிறோம். அதில் பெரும்பகுதி டெல்லியில் முடிவாகிற விஷயமே இல்லை. நெல்லின் ஈரப்பதம், பயிர்க் காப்பீட்டு விதி, ரயில் நிறுத்தம் இவைதான் உங்களால் மட்டுமே கேட்க முடிந்தவை. இனிமேல் அவற்றைத் தனியாக எழுதித் தருகிறோம். தேதி, மழை அளவு, எத்தனை மூட்டை திருப்பி அனுப்பப்பட்டது என்று எங்கள் ஊரில் ஒரு நோட்டில் குறிக்கத் தொடங்கியிருக்கிறோம். அமைச்சர் ‘அப்படித் தகவல் எதுவும் வரவில்லை’ என்று சொன்னால் உங்கள் கையில் காட்ட ஒன்று இருக்க வேண்டும் அல்லவா?

அடுத்த ஆனி பிறந்ததும் அந்த நோட்டின் நகல் உங்கள் தொகுதி அலுவலகத்துக்கு வரும். அதை வைத்து நோட்டீஸ் கொடுங்கள். பதில் எதுவாக இருந்தாலும், சாதகமாக இல்லாவிட்டாலும், தமிழில் ஒரு பக்கத்துக்கு எழுதி எங்கள் கொள்முதல் நிலையத்துக்கு அனுப்பிவையுங்கள். ஈரப்பதம் பார்க்கும் மேசைக்கு மேலே சுவரில் இடம் இருக்கிறது. நானே ஒட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
காவிரி டெல்டாவிலிருந்து ஒரு குறுவை விவசாயி